வேலியோரம் ஆவாரை வளர்த்த அனுபவம்

எங்களுடையது புதுக்கோட்டைப் பக்கம் செம்மண் மனை. சித்திரை, வைகாசியில் போர் தண்ணீர் வீட்டுச் செலவுக்கே இழுபறிதான். செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ் எல்லாம் வைத்துப் பார்த்த தெற்கு வேலியோரத்தில் இப்போது வரிசையாக ஆவாரை நிற்கிறது. சில வருடங்களாகக் கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. இலை பச்சையாகவே இருக்கிறது.

வைக்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது: விதை போட்டு வளருங்கள். ஆவாரைக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்க வேண்டும். பாக்கெட்டில் வேர் சுருண்ட கன்று வறட்சி தாங்கத் திணறுகிறது. தவிர, நர்சரியில் கேட்டால் மஞ்சள் பூ பூக்கும் வேறு கொன்றையைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கும் ஒருமுறை அப்படித்தான் வந்தது. அடையாளம் எளிது. ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் காது மடல் போல இரண்டு அகலமான இலைச்செதில்கள் தண்டை ஒட்டி இருக்கும். அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

நெற்று காய்ந்து பழுப்பானதும் எடுக்கலாம். ஓட்டை விழுந்த விதைகளைத் தள்ளிவிடுங்கள், உள்ளே வண்டு தின்றிருக்கும். விதைத்தோல் கடினம், அப்படியே போட்டால் சீக்கிரம் முளைக்காது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க விட்டால் ஊறி உப்பும். உப்பியதை மட்டும் மழைக்கு முன்னால், 3 அடிக்கு ஒன்றாக ஊன்றினேன். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டேன். அந்த வருடம் செடி வளர்ந்த மாதிரியே தெரியாது, பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் மளமளவென்று ஆள் உயரத்துக்கு வந்துவிடும்.

பூக்கும் பருவத்தில் காலையில் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அடிக்காமல் உடம்பை அதிரவிடும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் அந்த நொடியில் மாறுவது காதுக்கே தெரியும். உடனே மஞ்சள் பொடி அதன் வயிற்றில் தெறிக்கும். பூச்சி மருந்து அடிக்கிற தோட்டத்தில் இந்தக் காட்சி கிடைக்காது.

மழைக்குப் பிறகு பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். அவை வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். தயவுசெய்து எதையும் தெளிக்காதீர்கள், இலை தானாகத் துளிர்த்துவிடும். ஆடுகளும் எங்கள் பக்கம் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன.

கவாத்து மட்டும் தவறக் கூடாது. விட்டால் அடிப்பக்கம் வெறும் குச்சியாகி, வேலி என்று சொல்ல முடியாதபடி சந்து விழும். பொங்கலுக்குக் காப்புக்கட்ட சிறுபீளை, வேப்பிலையோடு வைக்க வேண்டிய கொத்துகளைப் பறித்துக்கொண்டு, பூ ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். வெட்டிய தழையைத் தென்னைக்கு அடியில் போட்டு மூடுகிறேன். அந்தக் காலத்தில் வயலுக்குத் தழையுரமாக மிதித்ததும் இதைத்தான். தோல் பதனிடப் பட்டை உரித்ததும் இதே செடியில்தான்.

பூவை நிழலில் உலர்த்திக் குளியல் பொடிக்கும் தேநீருக்கும் வைத்துக்கொள்கிறோம். பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தால் லேசான துவர்ப்போடு நன்றாக இருக்கும். சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் குடிப்பவர்கள் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

ஒரே குறை, தண்ணீர் தேங்கினால் தாங்காது. அடைமழையில் பள்ளத்தில் நின்ற செடிகள் மஞ்சளாகி இலை கொட்டின, மேட்டில் நின்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. களிமண் நிலம் என்றால் வரப்பு மாதிரி மண்ணை உயர்த்தி அதன்மேல் விதை ஊன்றுங்கள். மர நிழலில் வைக்க வேண்டாம், பூ வராது.