வைக்கோலை அளக்க மூன்று வழிகள்: கடலூர் வயல்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கடலூர் மாவட்டத்து நெல் வயல்களை நம்பி உயிரி எரிபொருள் ஆலை அமைக்க நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது, ஆண்டுக்கு எத்தனை டன் வைக்கோல் தேறும் என்பதே. அதைக் கணக்கிட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே வயலுக்கு அவை மூன்று எண்களைத் தரக்கூடும்.

எளிதானது விகித வழி. அரசுப் புள்ளிவிவரத்தில் உள்ள நெல் மகசூலை எடுத்து, ஒரு டன் நெல்லுக்கு 1 முதல் 1.5 டன் வைக்கோல் என்று பெருக்கினால் வேலை முடிந்தது. ஆனால் ஹெக்டேருக்கு 5 டன் விளைந்தால் வைக்கோல் 5 டன்னா, 7.5 டன்னா? ஆலையின் லாபநட்டம் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். நெட்டையாக வளரும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் குட்டையான நவீன ரகங்களுக்கும் ஒரே விகிதத்தைப் போடுவது, என் பார்வையில், கணக்கே அன்று.

இரண்டாவது பயிர் அறுவடைப் பரிசோதனை. 5 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தியை அளந்து, அறுத்து, அடித்து, நிறுக்கிறார்கள். ஒரு ஹெக்டேர் அந்தப் பாத்தியைப் போல் 400 மடங்கு என்பதால், தராசில் நேரும் ஒரு கிலோ பிழை ஹெக்டேருக்கு 400 கிலோவாகப் பெருகும். ஆயினும் நான் இதன் பக்கமே சாய்கிறேன். நெல்லை நிறுக்கும் அதே பாத்தியில் வைக்கோலையும் நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் அந்த ரகத்துக்கும் அந்தப் பருவத்துக்கும் உரிய விகிதமே கைக்கு வந்துவிடும். கண்டுமுதலை, அதாவது கைக்கு வந்த விளைச்சலை, விவசாயியிடம் வாய்மொழியாகக் கேட்பதாக இருந்தால், 'காணிக்கு இத்தனை மூட்டை' என்றுதான் விடை வரும்; காணி 1.32 ஏக்கர், மூட்டையின் எடையோ ஊருக்கு ஊர் வேறு.

மூன்றாவது செயற்கைக்கோள். சம்பாப் பயிர் வளரும் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மேகம் வானை மூடிவிடுவதால் சாதாரணப் படங்கள் உதவா. 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 போன்ற ரேடார் கோள்களே மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். சாகுபடிப் பரப்பையும் நடவுக் காலத்தையும் அறிய இதற்கு நிகர் இல்லை. வைக்கோலின் எடையை அது நேரடியாகச் சொல்லாது.

கரும்பில் இந்தக் குழப்பம் குறைவு. சர்க்கரை ஆலைக்கு வரும் கரும்பு எடைமேடையில் ஏறித்தான் ஆக வேண்டும். அதன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம், பாதி ஈரத்தோடு, சக்கையாகும். ஆனால் அந்தச் சக்கையை ஆலையின் கொதிகலனே எரித்துக்கொள்ளும். வெளியாருக்கு மிஞ்சக்கூடியது வயலில் கிடக்கும் சோகை, அதாவது காய்ந்த கரும்புத் தோகைதான்.

மூன்று வழிகளுமே தவறவிடும் ஒன்று உண்டு. விளைந்த வைக்கோல் எல்லாம் வயலை விட்டு வெளியேறுவதில்லை. அறுவடை இயந்திரம் தாளை உயரத்தில் அறுத்துவிட்டுப் போகிறது. மாட்டுக்கு ஒரு பங்கு போகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். முளைத்த உளுந்தின் மேல் வைக்கோல் கட்டும் இயந்திரத்தை ஏற்ற எந்த விவசாயியும் எளிதில் இசையமாட்டார்.