பழைய சுவரில் மேல் அலமாரி: ரிசின் ஆங்கரும் எஃகுத் தொங்குபட்டையும்

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர்களில் சமையலறை மேல் அலமாரிகளை மாட்டுவதற்கு நான் பயன்படுத்திய இரண்டு பொருள்களைப் பற்றியது இம்மதிப்புரை: ஒன்று, குழாயில் வரும் இருபகுதி ரிசின் ஆங்கர், அதாவது இரண்டு பகுதிகள் கலந்ததும் துளைக்குள் இறுகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பசை; மற்றொன்று, அலமாரியின் கொக்கிகள் வந்து அமரும் எஃகுத் தொங்குபட்டை. ரிசினைப் புகழ்வோர் பலர் உண்டு. என் மதிப்பீட்டில் அப்புகழில் பெரும்பங்கு பட்டைக்கே சேர வேண்டும்.

வழக்கமான பிளாஸ்டிக் பிளக்கும் விரியும் ஆங்கர் போல்ட்டும் துளையின் பக்கங்களை வெளிநோக்கி அழுத்தியே பிடிமானம் பெறுகின்றன. கான்கிரீட்டில் அது பலம். உதிரும் செங்கல்லிலோ அந்த அழுத்தமே விரிசலுக்குக் காரணமாகிறது. ரிசின் அவ்வாறு நெருக்குவதில்லை. துளையின் சொரசொரப்பிலும் சிறு பொந்துகளிலும் புகுந்து இறுகி, மரையிட்ட கம்பியைச் சுவரோடு ஒட்டிவிடுகிறது.

எவ்வளவு சுமையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பாத்திரங்களோடு 60 கிலோ எடையுள்ள, 70 செ.மீ. உயரமும் 34 செ.மீ. ஆழமும் கொண்ட ஓர் அலமாரியின் எடைமையம் சுவரிலிருந்து சுமார் 17 செ.மீ. தள்ளி இருக்குமானால், அதன் மேல்விளிம்பைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமம். கீழ்நோக்கி இழுக்கும் விசையோ முழு 60 கிலோ. அலமாரியை அதன் முதுகிலுள்ள இரண்டு துளைகளின் வழியே நேராக முடுக்கினால், அந்த இரண்டு புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது நல்ல செங்கல்லா, பொடிந்த சாந்தா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தொங்குபட்டையோ சுவரின் நீளம் முழுவதும் ஓடுவதால், தட்டிப் பார்த்து உறுதியான செங்கல் அகப்படும் இடங்களில் மட்டும் துளையிடவும், வேண்டிய அளவு கூடுதல் போல்ட்டுகளைப் போடவும் இடம் தருகிறது. ஓர் ஆங்கர் தளர்ந்தாலும் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. கொக்கிகளில் உயரத்தையும் ஆழத்தையும் திருத்தும் திருகுகள் இருப்பதால், மேடுபள்ளமான சுவரிலும் ரசமட்டம் வைத்து அலமாரிகளை ஒரே கோட்டில் நிறுத்த முடிந்தது.

இனி ரிசின். 300 மில்லி குழாய் சாதாரண சிலிக்கான் கன்னிலேயே பொருந்துவது வசதி. துளையிடும்போது டிரில்லின் ஹேமர் இயக்கத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் துளையின் பின்புறம் சிதறிப் பெரிதாகும். 8 மி.மீ. கம்பிக்கு உறுதியான செங்கல்லில் 10 மி.மீ. துளை போதும். உள்ளே பொந்துகள் உள்ள சுவருக்கு, ரிசின் பொந்துக்குள் வழிந்துவிடாமல் தடுக்கும் வலைக்குழல் கட்டாயம், 16 மி.மீ. விட்டமும் 85 மி.மீ. நீளமும் கொண்டது எனக்கு நன்றாகப் பொருந்தியது. பழைய சுண்ணாம்புப் பூச்சு 30 மி.மீ. தடிமன்கூட இருக்கும் என்பதால், பூச்சுக்குள் நிற்கும் நீளத்தைப் பிடிமானக் கணக்கில் சேர்க்காமல் கம்பியை நீளமாக வெட்டிக்கொள்வதே முறை. துளையை ஊதி, பிரஷ் செலுத்தித் தேய்த்து, மறுபடியும் ஊத வேண்டும். தூசி படிந்த துளையில் ரிசின் தூசியைத்தான் பற்றுமே தவிரச் செங்கல்லைப் பற்றாது.

குறைகளும் உண்டு. குழாயின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் தாங்குதிறன் கான்கிரீட்டுக்கு உரியது. செங்கல் சுவருக்கான அளவு உள்ளிருக்கும் தாளில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கிறது. எந்த ரிசினும் சுவரைவிட வலுவாக இருந்து பயனில்லை என்பதால், வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அந்தச் சிறிய எண்தான். குழாயின் முனையில் மாட்டும் நாசிலுக்குள்ளேயே கலவை விரைவில் இறுகிவிடுவதால், எல்லாத் துளைகளையும் முடித்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும். வெயில் நாளில் கையில் கிடைப்பது சில நிமிடங்களே. முதலில் வெளிவரும் கலவையை நிறம் சீராகும்வரை கழித்துவிட வேண்டியிருப்பதால், கொஞ்சம் வீணாவதும் தவிர்க்க முடியாதது. வாடையும் கடுமை, ஸ்டைரீன் கலக்காத வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். நட்டை இறுக்கும்போது அகலமான வாஷர் வைத்து நிதானமாக இறுக்கவும். முரட்டுத்தனமாகத் திருகினால் பட்டை பூச்சுக்குள் அமிழ்ந்துவிடும்.

நகத்தால் சுரண்டினாலே செங்கல் பொடியாகும் சுவருக்கும், ஓயாமல் ஈரம் கசியும் சுவருக்கும் இந்தக் கூட்டணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தரையிலிருந்து எழும் மரச்சட்டமோ எஃகுச் சட்டமோ அலமாரியின் எடையைத் தாங்க வேண்டும். சட்டம் முன்பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே ஆங்கர்களின் வேலையாக இருக்க வேண்டும், அவற்றையும் தரையோடு பிணைந்த உறுதியான குறுக்குச் சுவரிலோ தூணிலோ போடுவது நல்லது.