உறைந்து நிற்கும் சர்வர்: டீபக் லாக்கா, மெமரி டம்ப்பா?

சேலம் லீ பஜாரில் சில மண்டிகளுக்கும், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்துக்கும் பில் போடும் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். லினக்ஸில் ஓடும் டாம்கேட் சர்வர் (ஜாவா நிரல்களை இயக்குவது), அதன் பின்னால் ஒரு தரவுத்தளம். புதுமை எதுவும் இல்லை. சரக்கு லாரிகள் வரிசைகட்டி நிற்கும் காலை வேளையில் மண்டிச் சர்வர் வாரத்துக்கு ஓரிரு முறை பதில் எதுவும் தராமல் உறையத் தொடங்கியபோது, டீபக் லாக்கை (நிரல் தன் ஒவ்வொரு அடியையும் எழுதும் விரிவான பதிவு) திறந்துவைத்துக் காத்திருப்பதா, உறைந்த நிலையிலேயே டம்ப் (நிரலின் அந்தக் கண நிலையின் நகல்) எடுத்து அலசுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதலில் ஒன்றையும், அது கைகொடுக்காதபோது மற்றொன்றையும் செய்து பார்த்தேன். இப்போது நான் டம்ப்பின் பக்கம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். லாக் வெறும் எழுத்து. யாரும் திறந்து படிக்கலாம், சுருக்கினால் மின்னஞ்சலில் அடங்கும். முழு மெமரி டம்ப் நினைவகத்தின் அளவுக்கே பெரியது. அதைப் படிக்கத் தனிக் கருவியும் பழக்கமும் வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. லாக் என்பது நிரல் தான் செய்ததைத் தானே எழுதிக்கொண்டு போகும் குறிப்பு. மண்டியின் நாளேட்டில் வந்த மூட்டைக்கும் போன மூட்டைக்கும் வரி இருக்கும். கிடங்கு வாசலில் ஒரு லாரி குறுக்கே நின்று வேலை முழுவதும் முடங்கிக் கிடந்தால், அதற்கென்று நாளேட்டில் ஒரு வரியும் இராது, பக்கம் வெறுமையாகவே இருக்கும். சர்வர் உறைவதும் அப்படித்தான். பிழை நேர்ந்தால் பிழைச்செய்தி வரும். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனித்து ஓடும் வேலை இழை) எதற்கோ காத்துக்கொண்டு நின்றுவிட்டால், நின்றுவிட்டேன் என்று எழுத அதனால் முடியாது. ஆகவே லாக்கில் தேட வேண்டியது இருக்கும் வரியை அல்ல, வந்திருக்க வேண்டிய, ஆனால் வராமற்போன வரியை. அதற்கு எந்த வரி வர வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் பழுதில் பாதி ஏற்கெனவே பிடிபட்டிருக்கும்.

என் அனுபவத்தில் இது எழுத்துப் பிசகாமல் நடந்தது. டீபக் அளவில் லாக்கைத் திறந்துவைத்த நான்காம் நாள் சர்வர் உறைந்தது. கையில் பல லட்சம் வரிகள் இருந்தன. இரண்டு இரவுகள் படித்தேன். கடைசி வரிகள் எல்லாம் நலமாகவே இருந்தன. இதற்கிடையே வட்டு நிரம்பிவிடுமோ என்று தினமும் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு த்ரெட்டும் ஒரே கோப்பில் எழுத முறை காத்ததால் பில் திரையும் மந்தமானது. இரண்டு த்ரெட்கள் ஒன்றன் பூட்டை மற்றொன்று எதிர்பார்த்துச் சிக்கிக்கொள்ளும் பழுதாக இருந்தால், லாக் எழுதும் தாமதமே நேரக் கணக்கை மாற்றிப் பழுதை ஒளித்துவைக்கவும் கூடும்.

அடுத்த முறை உறைந்தபோது மறுதொடக்கம் செய்வதற்கு முன், ஜாவாவின் ஜேஸ்டாக் கட்டளையால் பத்து விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணம் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தேன். டாம்கேட் இயல்பாக 200 த்ரெட் வரை அனுமதிக்கும். அந்த 200-உம் நிரம்பியிருந்தன. அவற்றில் 180 த்ரெட்கள் தரவுத்தள இணைப்பு கிடைக்காமல் காத்திருந்தன. நாங்கள் வைத்திருந்த 20 இணைப்புகளையும் பிடித்திருந்த மற்ற 20 த்ரெட்கள், மூன்று டம்ப்பிலும் இம்மியும் நகராமல், சாக்கெட்டில் (வலைவழி இணைப்பின் முனை) எதையோ படிக்கும் அதே வரியில் நின்றன. இங்கே ஒரு கண்ணி உண்டு: சாக்கெட் பதிலுக்குக் காத்திருக்கும் த்ரெட்டை ஜாவா 'ரன்னபிள்' என்றே காட்டும், ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி அதைத் தாண்டிப் போய்விடுவோம். ஒன்றுக்கு மூன்றாக எடுப்பதே அதற்காகத்தான்.

அந்த த்ரெட்களின் அழைப்பு அடுக்கை, அதாவது எந்த வரி எதை அழைத்தது என்ற வரிசையை, கீழே படித்துக்கொண்டு போனால் காரணம் வந்துவிட்டது. பில்லைச் சேமித்து, தரவுத்தளப் பரிவர்த்தனையை முடிக்காமல் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே, வியாபாரிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையை எங்கள் நிரல் அழைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பை நாங்கள் குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் ஜாவா சாக்கெட்டின் வரம்பு சுழியம், அதாவது முடிவின்றிக் காத்திரு என்று பொருள். பிறகு எடுத்த ஹீப் டம்ப்பை (நிரலின் தரவு அடங்கிய நினைவக நகல்) எக்லிப்ஸ் மேட் கருவியில் திறந்தபோது அந்தச் சுழியத்தையே நேரில் பார்த்தேன். த்ரெட் டம்ப் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும். எந்த மதிப்போடு நிற்கிறது என்பதற்கு ஹீப் டம்ப் வேண்டும். பழைய லாக்கையும் திரும்பப் போய்ப் பார்த்தேன்: 20 த்ரெட்களின் கடைசி வரியும் 'குறுஞ்செய்தி அனுப்பப்படுகிறது' என்பதுதான். தடயம் அங்கும் இருந்தது, அதைத் தேடும் கண் எனக்கு இல்லை.

டம்ப்பின் குறைகள் சிறியவை அல்ல. ஹீப் டம்ப் எடுக்கும் வரை சர்வர் முழுவதும் நிற்கும். இருப்பு எடுக்கக் கிடங்கைப் பூட்டுவதைப் போல. உறைந்துபோன சர்வரில் அதனால் நட்டமில்லை, ஆனால் மெதுவாகவேனும் ஓடும் சர்வரில் யோசித்தே கைவைக்க வேண்டும். ஜேஸ்டாக்கைப் பொதுவாக ஜாவா ஓடும் அதே பயனர் கணக்கில் இயக்க வேண்டும். இன்னொரு வழியான 'கில் -3' சமிக்ஞையை அனுப்பினால் த்ரெட் டம்ப் நிரலின் திரை வெளியீட்டுக்குத்தான் போகும். டாம்கேட்டில் அது வழக்கமாகக் கேட்டலினா.அவுட் கோப்பு. அந்த வெளியீட்டை யாரேனும் வீசியெறியும்படி அமைத்திருந்தால் டம்ப்பும் அதோடு போயிற்று.

ஏற்காட்டில் சிக்கல் வேறு விதம். தோட்ட அலுவலகச் சர்வரின் 6 ஜிபி ஹீப் டம்ப்பை மழைநாளில் மலை இணையத்தின் வழியே கீழே இறக்கும் நேரத்தில், 20 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிப்போய் பென் டிரைவில் எடுத்து வந்துவிடலாம்; ஒருமுறை அப்படித்தான் செய்தேன். யாருக்காவது அனுப்பலாம் என்றாலும் தயக்கம் வரும், வர வேண்டும்: வாடிக்கையாளர் எண், வங்கி விவரம், தரவுத்தளக் கடவுச்சொல் எல்லாம் அதில் மறைப்பின்றிக் கிடக்கும். த்ரெட் டம்ப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, அளவும் சில நூறு கேபிதான். ஆகவே மலைமேல் முதலில் அது மட்டுமே.

லாக் வெல்லும் இடங்களையும் சொல்ல வேண்டும். நாள் போகப் போக மந்தமாகும் பழுது, இரண்டு மூன்று சர்வர்களுக்கு இடையே அலையும் பழுது ஆகியவற்றுக்கு ஒரு கணத்தின் நிலை போதாது, வரலாறு வேண்டும். வட்டின் பதிலுக்குக் காத்து ஒரு நிரல் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சிக்கிவிட்டால் ஜேஸ்டாக்கும் அதோடு சேர்ந்து தொங்கிவிடும். அப்போது, 120 விநாடிகளுக்கு மேல் முடங்கியிருக்கிறது என்று கர்னல் தன் லாக்கில் எழுதும் எச்சரிக்கைதான் துணை. கர்னலையே டம்ப் எடுத்துப் படித்தது நான் ஒரே ஒரு முறை, அதுவும் பிறர் உதவியோடு. அதை வைத்துப் பரிந்துரை செய்ய மாட்டேன். விண்டோஸ் சர்வரிலும் என் பழக்கம் அவ்வளவே.

இன்று மண்டியில் டீபக் லாக் மூடியிருக்கிறது. சாதாரண லாக்கில் நிமிடத்துக்கு ஒரு வரி, எத்தனை தரவுத்தள இணைப்புகள் பயன்பாட்டில் இருக்கின்றன என்று மட்டும் எழுதுகிறது. குறுஞ்செய்திக்கு 5 விநாடி வரம்பு வைத்து, பரிவர்த்தனை முடிந்த பிறகே அனுப்பும்படி மாற்றியாயிற்று. கணக்குப்பிள்ளை அண்ணனின் கணினித் திரையில் மறுதொடக்கத்துக்கென்று ஒரு குறுக்குவழிப் பொத்தான் இருந்தது. லாரிக்காரர்கள் கத்தும்போது அவர் அதைத்தான் அழுத்துவார், நான் தொலைபேசியில் எவ்வளவு கெஞ்சினாலும். அதனால் அதே பொத்தானுக்குள்ளேயே மூன்று த்ரெட் டம்ப் எடுக்கும் ஸ்கிரிப்டை முதலில் வைத்துவிட்டேன். முன்பைவிட அரை நிமிடம் கூடுதலாகிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டார், ஏன் என்று இதுவரை நான் சொல்லவில்லை.