மார்கழியில் நின்றது, சித்திரையில் விழுந்தது: 8700கே-யோடு ஏழு வருடம்

போன வாரம் எங்கள் வீடியோ வட்டத்தில் இருக்கும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: “அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஐ7-8700கே ஒண்ணு வருது. 5 கிகாஹெர்ட்ஸ் அசால்ட்டா ஓடுமாம். 1.4 வோல்ட் வச்சா தாங்குமா?” ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்டெலின் அதே பிராசசரை 2018 பிப்ரவரியில் வாங்கினேன். கல்யாண வீடியோக்களை இன்றைக்கும் அதில்தான் முடித்துக் கொடுக்கிறேன். அவனுக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய, கூடுதல் வோல்டேஜ் வேண்டும். ஆனால் “1.4 தாங்குமா” என்பது பாதிக் கேள்விதான். எந்த 1.4? மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் நாம் போடும் 1.4ஆ, பிராசசருக்குள் இருக்கும் ஆறு கோரும் முழு மூச்சில் ஓடும்போது நிற்கும் 1.4ஆ, ஓட்டம் சட்டென்று நிற்கும் கணத்தில் எகிறும் 1.4ஆ? மூன்றும் ஒன்றல்ல. இன்டெல் ஆவணத்தில் உச்ச வோல்டேஜ் 1.52 என்று இருப்பதைக் காட்டி “அப்ப 1.4 பாதுகாப்புதானே” என்பார்கள். அதே ஆவணத்தில் லோடு லைன் 2.1 மில்லி ஓம் என்றும் இருக்கிறது. அதாவது பிராசசர் 100 ஆம்பியர் இழுக்கும்போது வோல்டேஜ் 0.21 இறங்கிக் கொடுக்க வேண்டும். அந்த 1.52 சும்மா இருக்கும்போதைய மேல் விளிம்பு. முழுச் சுமையில் நாள் முழுக்கக் கொடுத்து ஓட்டுவதற்கான அனுமதி அது இல்லை.

என் கதைக்கு வருகிறேன். 2018 டிசம்பரில், மதுரையில் ராத்திரி அறைவெப்பம் 25 டிகிரி இருக்கும்போது, 5 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் என்று வைத்து பிராசசரை முழு மூச்சில் ஓட்டிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை, ஏ.வி.எக்ஸ் (ஒரே கட்டளையில் பல கணக்குப் போட்டு பிராசசரை அதிகம் சூடாக்கும் வகைக் கட்டளைகள்) இல்லாமல் 8 மணி நேரம் ஓட்டினேன். 86 டிகிரிக்கு மேல் போகவில்லை, ஒரு பிழையும் இல்லை. இரட்டைக் கோபுர ஏர் கூலர்தான். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எட்டு நிமிடப் பாட்டை டைம்லைனில் இழுத்துப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடியது.

அப்புறம் மே மாதம் வந்தது. முகூர்த்த வீடியோ ஒன்றை எச்.265 வீடியோ வடிவத்தில் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலை பத்து மணிக்குப் பெண்ணின் அப்பா பென் டிரைவ் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் திரையில் விண்டோஸ் லாகின் பக்கம் நிற்கிறது. இரவு ப்ளூ ஸ்கிரீன் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஃபோல்டரில் கிடந்தது திறக்காத ஒரு பாதி ஃபைல். அறையில் அப்போதே 34 டிகிரி, ராத்திரி 36 வரை இருந்திருக்கும். ஏர் கூலரைப் பொறுத்தவரை அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் ஒரு டிகிரி ஏறும். டிசம்பரில் 86 என்றால் மே மாதத்தில் 97. இந்த பிராசசர் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் எல்லை 100. நான் டிசம்பர் ராத்திரியைத்தான் சோதித்திருந்தேன். அதோடு, சோதனையில் ஏ.வி.எக்ஸ் இல்லை. எக்ஸ்போர்ட் என்ஜின் முழுக்க முழுக்க ஏ.வி.எக்ஸ்.

அன்றைக்கு நான் செய்தது தப்பு. வேகத்தைக் குறைக்காமல் வோல்டேஜைக் கூட்டினேன். லோடு லைன் கேலிப்ரேஷனையும் உச்சத்தில் வைத்தேன். சுமையில் வோல்டேஜ் இறங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு அது. என் போர்டில் உச்சத்தில் வைத்தால் இறங்காததோடு ஏறவும் செய்கிறது: பயாஸில் 1.35 போட்டாலே முழுச் சுமையில் 1.39. சுமை விடும் கணத்தில் இன்னும் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடுவதால் எந்த மென்பொருளிலும் தெரியாது, ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. மதர்போர்டில் இருக்கும் ‘ஆட்டோ’ என்ற சொல். ரேமை அதற்கென்று குறித்த கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பைப் போட்டு 3200 ஆக்கினேன், அவ்வளவுதான். நான் தொடாத சிஸ்டம் ஏஜென்ட் (பிராசசருக்குள் ரேமைக் கையாளும் பகுதி) வோல்டேஜை போர்டு தானாக 1.28-க்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. மூன்று வருடம் அது எனக்குத் தெரியாது. கையால் 1.12 போட்டேன், அதே ரேம், அதே வேகம், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்தது. எதற்கு அந்த 0.16? அப்புறம் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட். ஆறு கோரும் சேர்ந்து ஓடும்போது இன்டெல் கணக்கு 4.3 கிகாஹெர்ட்ஸ். போர்டு யாரையும் கேட்காமல் 4.7 ஆக்குகிறது, அதற்கு வேண்டிய வோல்டேஜையும் தாராளமாக ஊற்றுகிறது. ஓவர்கிளாக் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் வீட்டிலும் இதே கூத்து. நியாயமாகப் பார்த்தால் போர்டு செய்தவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது: எந்த ரேமைச் சொருகினாலும் முதல் தடவையே பூட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கடைக்குத் திரும்பி வரும். புரிகிறது. ஆனாலும் பிராசசர் என்னுடையது, தேய்வதும் என்னுடையது. என்ன வைத்திருக்கிறேன் என்று திரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

தேய்கிறது என்று சும்மா சொல்லவில்லை. 2022 டிசம்பரில், பழைய 25 டிகிரியில், பழைய 1.35-ஐத் திரும்ப வைத்து, லோடு லைனையும் பழைய இடத்துக்கே இறக்கி ஓட்டிப் பார்த்தேன். நாற்பதாவது நிமிடத்தில் விழுந்தது. 1.38 கொடுத்தால்தான் விழாமல் ஓடியது. டிரான்சிஸ்டரின் கேட் மேல் அதிக வோல்டேஜும் வெப்பமும் வருடக்கணக்கில் இருந்தால், அது திறப்பதற்கு வேண்டிய வோல்டேஜ் மெல்ல நகர்ந்துவிடும். கம்பிகளிலும் மின்னோட்டத்தின் அடர்த்தி கூடக்கூட உலோக அணுக்கள் இடம் பெயரும். பிராசசர் சாவதில்லை, அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க ஆரம்பிக்கும். கொடுத்தால் இன்னும் வேகமாகத் தேயும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைகளில், ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இந்த வகைத் தேய்மானம்தான் வந்தது. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடை (பிராசசரின் உள் கட்டளைத் தொகுப்பை) மாற்றி, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி வரம்பு வைத்தார்கள்.

விழுவதற்கு முன்பே பிராசசர் சொல்லிவிடுகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. விண்டோஸில் ஈவண்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில் ‘வீயா லாகர்’ (WHEA-Logger) என்று தேடுங்கள். ‘கரெக்டெட் ஹார்டுவேர் எரர்’, ‘இன்டர்னல் பேரிட்டி எரர்’ என்று மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக நின்றால், வோல்டேஜ் போதவில்லை, இப்போதைக்குத் தானே திருத்திக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். முகூர்த்த வீடியோ போன அந்த ராத்திரிக்கு முந்தைய பத்து நாட்களில் எனக்கு அப்படி ஏழு இருந்தன. எட்டு மணி நேரப் பிரைமைவிட அந்த லாகைத்தான் இப்போது நம்புகிறேன்.

2023 தொடக்கத்தில் 4.8-க்கு இறங்கினேன். வோல்டேஜ் 1.25, லோடு லைன் நடுவில், சுமையில் கொஞ்சம் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேகத்தில் போனது 4 சதவீதம். மின்செலவு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறி இறங்குவது என்பதால், பழைய 5 கிகாஹெர்ட்ஸ், 1.35-லிருந்து பார்த்தால் சுமையில் 18 சதவீதம் மிச்சம். 52 நிமிடம் எடுத்த எக்ஸ்போர்ட் 54 நிமிடம் எடுக்கிறது. மே மாத ராத்திரியிலும் 86-ஐத் தாண்டவில்லை, ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் பிள்ளை எழுவதில்லை. அதற்குப்பின் ஒரு ரெண்டர்கூட நடுவில் நின்றதில்லை, லாகில் ஒரு முக்கோணம் இல்லை. இந்தப் பிராசசரை நான் முதன்முதலாக முழுசாக ரசித்தது இந்த இரண்டு வருடத்தில்தான். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், ஏழு வருடம் கழித்தும் 4கே டைம்லைனை இழுக்கிறது. இவ்வளவு உழைத்த பொருள் என் மேஜையில் வேறொன்றில்லை. யார் கேட்டாலும் விற்கமாட்டேன்.

தம்பிக்கு மட்டும் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். பிராசசர் மேல் குறை இல்லை. “5 அசால்ட்டா ஓடும்” என்று விற்கிறவர் எத்தனை வோல்ட்டில், எந்த லோடு லைனில், எத்தனை வருடம் ஓட்டினார் என்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். “எல்லாம் ஆட்டோலதான் இருந்துச்சு” என்று பதில் வந்திருக்கிறது.