கன்டெய்னர் பண்ணை: ஆண்டுக்கணக்கில் ஓட்டியபின் எது தாங்கும், எது தாங்காது

கப்பல் சரக்குப் பெட்டிக்குள் மண்ணில்லாமல், விளக்கொளியிலும் சத்துக்கரைசலிலும் கீரை வளர்ப்பதுதான் கன்டெய்னர் பண்ணை. அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது விளக்கைப் பற்றித்தான்: எத்தனை வாட், என்ன நிறம், எந்தக் கம்பெனி. நீண்ட காலம் ஓட்டினால் தெரியும், நல்ல எல்இடி பட்டைகள் தரும் தொல்லை மிகக் குறைவு. பண்ணையைப் படுக்கவைப்பது ஈரம். செடி மூச்சுவிடும் நீர் இரும்புப் பெட்டிக்குள் போக்கிடமில்லாமல் சுற்றி இலையைக் கெடுக்கும், சுவரை அரிக்கும், சென்சாரைப் பொய் சொல்ல வைக்கும். பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் ஈரம் நீக்கும் கருவியிலும் வெப்பக் காப்புப் பூச்சிலும் கை வைக்கக் கூடாது.

முதலில் இடக்கணக்கு. 40 அடி ஹை-க்யூப் (உயரம் கூடிய வகை) கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.69. இரு சுவரிலும் காப்புப் பூச்சு ஏறியபின் அகலம் 2.2 மீட்டர்தான் மிஞ்சும். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அடுக்கு, நடுவில் 1 மீட்டர் நடைபாதை, 9 மீட்டர் நீளம், 4 தட்டு என்று வைத்தால் 43 சதுர மீட்டர் வரும். குழாய் மூலைகளைக் கழித்து 40 என்று கொள்ளலாம். மீதி 3 மீட்டரில் நாற்று மேடை, தொட்டிகள், மின்பெட்டி. ஐந்தாவது தட்டுக்கு இடம் இருப்பதுபோல் தோன்றும், வேண்டாம். விளக்குக்கும் இலைக்கும் இடைவெளி போதாது, மேல்தட்டில் வெப்பம் தேங்கும், கழுவக் கை எட்டாது.

பழைய குளிர்சாதன கன்டெய்னரா, சாதாரண சரக்குப் பெட்டியா? குளிர்சாதனப் பெட்டியில் காப்பு தயாராக இருக்கும், உள்சுவர் துருப்பிடிக்காது. ஆனால் அதன் தரை வரிவரியான அலுமினியம். இடுக்கில் நீர் நின்று பாசி பிடிக்கும், மேலே சமதரை போட்டே ஆகவேண்டும். அதோடு வரும் குளிரூட்டும் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் காக்கச் செய்தது. நாள்தோறும் லிட்டர் லிட்டராக ஆவியை இறைக்கும் செடிகளுக்கு அது பொருந்தாது. சாதாரணப் பெட்டியின் ஒட்டுப்பலகைத் தரைக்குப் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவிலுள்ள தகட்டில் மருந்தின் பெயர் இருக்கும். பார்த்துவிட்டு எபாக்சி பூசி மூடலாம், பெயர்த்தெடுத்தால் இன்னும் நல்லது.

காப்புக்கு மூடிய நுண்ணறைகளாலான பாலியூரித்தேன் நுரையை 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு இரும்பின் மேல் நேரடியாக அடிக்க வேண்டும். கண்ணாடிக் கம்பளியோ வெட்டி ஒட்டிய தெர்மோகோலோ வைத்தால் ஈரக்காற்று இடுக்கு வழியே போய்க் குளிர்ந்த இரும்பைத் தொட்டு வியர்க்கும். ஓராண்டு வரை எதுவும் தெரியாது. பிறகு கூரையில் மஞ்சள் கறை, அப்புறம் பூஞ்சை வாடை. அந்த நிலையில் பேனலைக் கழற்றாமல் தீர்வில்லை.

இனி வெப்பக்கணக்கு. செடிக்குப் பயன்படும் ஒளியை மைக்ரோமோலில் அளப்பார்கள். லெட்யூஸுக்கு (சாலட் கீரை) இலைமட்டத்தில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 250 மைக்ரோமோல் ஒளி, 16 மணி நேரம் தந்தால் நாளொன்றுக்கு 14.4 மோல் சேரும், அது போதும். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 2.7 மைக்ரோமோல் தரும் விளக்கானால் சதுர மீட்டருக்கு 93 வாட், 40 சதுர மீட்டருக்கு 3.7 கிலோவாட். நாளுக்கு 59 யூனிட். அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் உள்ளே வெப்பமாகத்தான் மாறும். மின்விசிறி, பம்ப், ஈரநீக்கி எல்லாம் இன்னும் ஒன்று, ஒன்றரை கிலோவாட் சேர்க்கும். இதற்கு 3 டன் ஏசி ஒன்றைவிட 1.5 டன் இரண்டு மேல். தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், காற்றை உலர்த்த அதற்கு நேரம் கிடைக்காது. இரண்டில் ஒன்று பழுதானாலும் பாதி விளக்கை அணைத்துப் பயிரைக் காப்பாற்றலாம்.

சிக்கல் விளக்கு அணைந்த பிறகுதான் வரும். வெப்பம் குறைந்ததும் ஏசி ஓய்ந்துவிடும். செடியோ நீரை விட்டுக்கொண்டே இருக்கும். 65 சதவீதத்தில் இருந்த ஈரப்பதம் சிறிது நேரத்தில் 90ஐத் தாண்டும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அடுக்குகளை இரு குழுவாக்கி, ஒன்றின் இருட்டு நேரம் முடிந்த பிறகே மற்றதன் இருட்டு தொடங்குமாறு டைமரை வையுங்கள். ஏதாவது ஒரு பாதி எப்போதும் எரிவதால் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். மின்சுமையும் ஒரே நேரத்தில் ஏறாது.

இதற்குப் பிறகும் தனி ஈரநீக்கி வேண்டும். முழு வளர்ச்சியில் 40 சதுர மீட்டர் பயிர் நாளுக்கு 60 லிட்டர் அளவுக்கு நீர் விடும். கருவியின் மேல் ஒட்டியிருக்கும் லிட்டர் கணக்கு பொதுவாக 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. 24 டிகிரி, 65 சதவீதத்தில் பாதி கிடைத்தாலே பெரிது. 60 தேவையென்றால் 120 எழுதியதை வாங்குங்கள். வடியும் நீரைத் தொட்டிக்குத் திருப்பலாம். ஆனால் குளிர்ச்சுருளிலிருந்து செம்பு கரைந்து வரக்கூடும். வடிகட்டி, யுவி வழியே விட்டு, அவ்வப்போது செம்பு அளவைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

காற்றோட்டம் இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாமே வீண். லெட்யூஸின் உள்ளிலை ஓரம் கருகுவதைப் பார்த்ததும் பலர் கால்சியத்தைக் கூட்டுகிறார்கள். கரைசலில் கால்சியம் போதுமான அளவு இருக்கும். குருத்தைச் சுற்றிக் காற்று நகராததால் அங்கே நீரிழப்பு இல்லை, கால்சியமும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு தட்டிலும் நொடிக்கு 0.3 முதல் 0.5 மீட்டர் வேகத்தில் காற்று தவழ வேண்டும், முடிந்தால் மேலிருந்து கீழாக. அதற்கும் கருகல் நிற்காவிட்டால் கடைசி வாரத்தில் ஒளியைக் குறையுங்கள்.

நீர்ப்பக்கம். லெட்யூஸுக்கு பிஹெச் 5.6 முதல் 6.2, இசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.2 முதல் 1.8. கால்சியம் நைட்ரேட்டை ஏ தொட்டியிலும், சல்பேட், பாஸ்பேட் வகைகளை பி தொட்டியிலும் கரையுங்கள். கெட்டியான நிலையில் இரண்டும் சந்தித்தால் சுண்ணாம்பு போல் படிந்து குழாயை அடைக்கும். பிஹெச் 6.5க்கு மேல் போனால் இடிடிஏ வகை இரும்பு (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மத்தோடு வரும் உரம்) நிற்காது, புது இலை மஞ்சளாகும். டிடிபிஏ வகை கொஞ்சம் தாங்கும். ஆர்ஓ நீருக்குத் தாங்கும் தன்மை குறைவு, பிஹெச் ஊசலாடும். இசி சரியாகக் காட்டினாலும் சோடியமும் குளோரைடும் ஓசையின்றிச் சேரும், ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரைசலைக் கொட்டி மாற்றுவது மலிவான காப்பீடு.

தொட்டி நீர் 18 முதல் 22 டிகிரியில் இருக்கட்டும். 25ஐத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும், பித்தியம் என்ற நுண்ணுயிரியால் வேரழுகல் கிளம்பும். சரிவான கால்வாயில் வேருக்கடியில் கரைசல் மெல்லிசாக ஓடும் சரிவுக் கால்வாய் முறையில் 1 முதல் 2 சதவீதச் சரிவு, கால்வாய்க்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம் வேண்டும். பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் வேர் காயும். மின்சாரம் நம்பகமாக இல்லாத இடத்தில் செடித்தட்டு கரைசலின் மேல் மிதக்கும் மிதவைத் தட்டு முறையே பாதுகாப்பானது, எடையும் பராமரிப்பும் கூடினாலும். சொட்டுவான்கள் எப்படியும் அடைத்துக்கொள்ளும். 3 மில்லிமீட்டர் துளையிட்ட குழாய் பார்க்க அசிங்கம், ஆனால் ஓடும்.

சென்சார்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிஹெச் முனையை வாரம் ஒருமுறை 4 மற்றும் 7 கரைசலில் சரிபார்த்து, ஒன்றரை ஆண்டுக்குள் மாற்றுங்கள். ஈரப்பத சென்சாருக்கு எளிய சோதனை: சமையல் உப்பைச் சேறுபோல் நனைத்து ஒரு மூடியில் வைத்து, சென்சாரோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி 12 மணி நேரம் விடுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் இத்தனை நாள் பண்ணை எவ்வளவு ஈரமாக இருந்தது என்று புரிந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு 800 முதல் 1000 பிபிஎம் வரை தந்தால் விளைச்சல் கூடும். கதவு இறுக மூடிய பெட்டி என்பதால் 5000ஐ எட்டும் முன்பே கூவும் அலாரமும், உள்ளிருந்து திறக்கும் கதவும் இல்லாமல் சிலிண்டரை உள்ளே கொண்டுபோகாதீர்கள். இரும்புப் பெட்டிக்கு எர்த், 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), நீர்புகா இணைப்புகள் என்பதெல்லாம் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் விட்டுவிடுகிறார்கள்.

விளைச்சல்? சதுர மீட்டருக்கு 28 செடி, நடவிலிருந்து அறுவடைக்கு 3 வாரம் என்றால் வாரம் 370 செடி. ஒன்று 150 கிராம் என்று வைத்தால் 55 கிலோ. மொத்த மின்சாரம் நாளுக்கு 100 யூனிட்டை ஒட்டி வரும், அதாவது கிலோவுக்கு 12, 13 யூனிட். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். வாரம் 20 மணி நேர உழைப்பை அதோடு சேருங்கள். அதில் பெரும்பகுதி விதைப்பிலும் அறுவடையிலும் அல்ல, கழுவுவதில் போகும்.

முழுதாகக் கட்டித் தரும் பண்ணைகள் வசதிதான். ஆனால் கட்டுப்பாட்டு மென்பொருள் கம்பெனியின் சர்வரை நம்பியிருந்தால் யோசிக்க வேண்டும். 2010இல் பாஸ்டனில் தொடங்கி இத்துறையில் முன்னோடியாக இருந்த ஃப்ரெய்ட் ஃபார்ம்ஸ் 2025இல் திவால் மனு போட்டது. இணையம் இல்லாமலே டைமர், பம்ப், ஏசி மூன்றும் ஓடுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். ஓடும் என்றால் ரவுட்டரை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய பண்ணை விலைக்கு வந்தால் இலையைப் பார்க்காதீர்கள். அதை யாரும் இரண்டு மாதத்தில் அழகாக்கிவிடலாம். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். கதவு ரப்பரில் நீர் கோத்திருக்கிறதா, மின்பெட்டிக்குள் பச்சைப் பூச்சு இருக்கிறதா, ஈரநீக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஏசிக்கு எதிர்மூலையிலுள்ள கூரைப் பேனல் ஒன்றைக் கழற்றக் கேளுங்கள். கழற்ற விடாவிட்டால் வாங்காதீர்கள்.