ஓக் சட்டகமா, மென்மரச் சட்டகமா, செங்கல் சுவரா: இங்கிலாந்தில் வீட்டை விரித்துக் கட்ட எது ஏற்றது?

இங்கிலாந்தில் பழைய வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன: நடுவே இடைவெளி விட்டு இரட்டைச் சுவராக எழுப்பும் செங்கல் கட்டுமானம், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரத்தில் ஆலையிலேயே செய்து கொண்டுவந்து நிறுத்தும் சட்டகம், பச்சை ஓக் மரத்தில், அதாவது வெட்டிய ஈரம் காயாத ஓக்கில், தச்சர்கள் கோத்து நிறுத்தும் சட்டகம். முறையாகக் கட்டினால் மூன்றுமே உறுதியானவை என்பதால், வலிமையை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வேலை முடிந்தபின் சட்டகம் கண்ணுக்குத் தெரியப்போகிறதா, பூச்சுக்குள் மறையப்போகிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

செங்கல் எல்லாக் கொத்தனார்களுக்கும் பழகியது. செலவை முன்கூட்டியே கணிப்பதும் எளிது. ஆனால் கடும் மழையிலும் உறைபனியிலும் வேலை நின்றுவிடும். மென்மரச் சட்டகமோ, அடித்தளம் ஆயத்தமாக இருந்தால், சில நாட்களிலேயே எழுந்து நின்றுவிடும். சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் 140 மி.மீ. ஆழமுள்ள நிலைக்கட்டைகளுக்கு இடையிலேயே வெப்பக்காப்பை நிரப்பிவிடலாம் என்பதால் சுவரும் அதிகம் தடிக்காது. ஸ்காட்லாந்தில் புதிய வீடுகளில் பெரும்பாலானவை இம்முறையில்தான் கட்டப்படுகின்றன. உள்ளே ஈரம் தங்கவிடாமல் ஆவித்தடுப்புத் தாளைக் கிழிசலின்றிப் பொருத்துவதுதான் இதில் கண்ணும் கருத்துமாகச் செய்ய வேண்டிய வேலை.

ஓக் சட்டகத்தின் ஆயுளுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எசெக்ஸில் கிரெசிங் டெம்பிளில் 13-ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1390-களில் ஹியூ ஹெர்லாண்ட் என்னும் தச்சர் லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு அமைத்த ஓக் கூரை, நடுவில் ஒரு தூணும் இல்லாமல் ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தைத் தாண்டி நிற்கிறது. தடித்த ஓக் கட்டை உலர்வதற்கு 25 மி.மீ. தடிமனுக்கு ஓராண்டு என்று தோராயமாகக் கணக்கிடுவார்கள். உலர்ந்தபின் உளிக்கு எளிதில் இடம் கொடுக்காது. ஆகவே வெட்டிய ஈரத்தோடே இழைத்துக் கோத்துவிடுகிறார்கள். மரம் கட்டடத்தில் நின்றபடியே காய்கிறது.

இணைப்பைச் செய்யும் விதம் இந்தக் காய்தலைக் கணக்கில் கொண்டது. தூணில் துளை, உத்தரத்தின் முனையில் அந்தத் துளைக்குள் நுழையும் நாக்கு போன்ற கழுந்து. இரண்டிலும் மர ஆணிக்கான ஓட்டையை ஒரே நேர்கோட்டில் போடாமல், கழுந்தின் ஓட்டையை அதன் தோள் பக்கமாக, அதாவது கழுந்து உத்தரத்திலிருந்து தொடங்கும் இடத்தை நோக்கி, சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுகிறார்கள். நுனி சிறுத்த, நன்கு உலர்ந்த ஓக் ஆணியை அடிக்கும்போது அது சற்றே வளைந்து கழுந்தை உள்ளே இழுத்து இறுக்குகிறது. மரம் சுருங்கும் காலத்திலும் அந்தப் பிடி தளர்வதில்லை. இரும்பு ஆணிக்கோ இங்கே இடமில்லை. ஓக்கில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பை அரிப்பதோடு, சுற்றியுள்ள மரத்தையும் நீலக்கறுப்பாகக் கறைப்படுத்திவிடும். உலோகம் தேவைப்படும் இடங்களில் துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்த வேண்டும்.

வீட்டுக்காரர்களை அச்சுறுத்துவது வெடிப்புகள். 200 மி.மீ. அகலத் தூண் காய்ந்து முடிவதற்குள் 10 மி.மீ. அளவுக்கோ அதற்கு மேலோ சுருங்கலாம். நார் ஓட்டத்தோடு நீளவாக்கில் பிளவு விழுவது இயல்பு, பெரும்பாலும் அதனால் பலம் குறைவதில்லை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பழங்காலத்தைப் போலவே தோன்ற வேண்டும் என்பதற்காகத் தூண்களுக்கு நடுவே சுவரை நிரப்பினால், மரம் சுருங்கச் சுருங்க ஓரமெங்கும் இடுக்கு விழுந்து காற்றும் மழைநீரும் புகும். சட்டகம் முழுவதும் வீட்டுக்கு உள்ளே இருக்கும்படி வெப்பக்காப்புப் பலகைகளை அதன் வெளிப்புறத்தில் போர்த்துவதே சரி. வெளியிலிருந்து ஓக் தெரியாதே என்று வருந்துபவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் குளிர்காலத்தில் அந்த அறையில் உட்காரப்போவதும் அவர்களே.

செலவில் பெரும்பாலும் ஓக்கே முதலிடம் பெறும். பச்சை ஓக் ஒரு கன மீட்டர் சுமார் 1,000 கிலோ எடை என்பதால் பெரிய சட்டகத்தை நிறுத்தக் கிரேன் தேவைப்படும். இவ்வளவு செலவழித்த மரத்தை ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மறைப்பது வீண். கூரைக் கைமரங்கள் வரை திறந்திருக்கும் கூடத்துக்கும் தோட்டத்தைப் பார்த்த அறைக்கும் ஓக், படுக்கையறைக்கும் குளியலறைக்கும் மென்மரம் என்று கலந்து கட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். அப்படிக் கட்டும்போது உலர்ந்த மென்மரச் சுவரைப் பச்சை ஓக்கோடு அசையாமல் இறுக்கிவிடாமல், நீள்துளை உள்ள எஃகுத் தகடுகளால் பிணைத்து ஓக் சுருங்குவதற்கு இடம் விடும்படி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.