காவடிப் பதிவும் மண்டப வாடகையும்: பொதுச் செயலை எங்கே வைப்பது?

மொரிசியசில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அதற்கு முந்திய பத்து நாள் விரதத்தில்தான் கோவில் அலுவலகத்தில் கூட்டம் மொய்க்கும். காவடிப் பதிவு, நன்கொடை, மண்டப வாடகை என்று எல்லாவற்றுக்கும் ரசீது போடவேண்டும். எங்கள் கோவிலுக்கு ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் (ஒவ்வொரு ஆளையும் பதிவையும் ஒரு ஆப்ஜெக்டாகச் சேமிக்கும் தரவுத்தளம்) வடிவமைக்க உட்கார்ந்தபோது, இந்த ரசீது வேலையை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி.

கிளாஸ் என்பது ஒரே வகை ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு. தாய் கிளாஸ் ஒன்று எழுதி மூன்றையும் அதன் பிள்ளைகளாக்கலாம்; தாயில் உள்ளது பிள்ளைகளுக்கும் வரும், இதுதான் இன்ஹெரிட்டன்ஸ். எழுதச் சுலபம். ஆனால் காவடிக்கும் மண்டபத்துக்கும் ரசீதைத் தவிர வேறு என்ன உறவு? நாளைக்குத் தாயில் ஒரு புலம் (தகவலுக்கான இடம்) சேர்த்தால், சேமித்து வைத்த அத்தனை ஆப்ஜெக்டுகளின் வடிவமும் மாறவேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டேபிள் இன்ஹெரிட்டன்ஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தாய் டேபிளில் வைத்த யுனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி) பிள்ளைகளுக்குப் போகாது. ஒரே ரசீது எண் இரண்டு இடத்தில் விழுந்தாலும் அது தடுக்காது.

ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்களுக்காக 2000-இல் வந்த ஓடிஎம்ஜி 3.0 தரநிலை இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. இன்டர்ஃபேஸ் என்றால் நடத்தை மட்டும், அதாவது என்னென்ன செய்யவேண்டும் என்பது. கிளாஸ் என்றால் நிலையும், அதாவது சேமிக்கும் தகவலும் சேர்த்து. ஒரு கிளாஸ் பல இன்டர்ஃபேஸ்களை ஏற்கலாம், தாய் கிளாஸ் மட்டும் ஒன்றுதான். ரசீதுக்கு நான் இன்டர்ஃபேஸைத்தான் எடுப்பேன். செயலை ஒவ்வொரு கிளாஸிலும் எழுதவேண்டிய தொல்லை இருக்கிறது, சரி, அதை எல்லா கிளாஸும் அழைக்கும் பொதுவான ஒரு நிரல் துண்டுக்கு (ஃபங்ஷன்) தள்ளிவிடலாம்.

ஆட்கள் விஷயத்தில் தாய் கிளாஸ், இன்டர்ஃபேஸ் இரண்டுமே போதாது. சென்ற வருடம் பந்தியில் பரிமாறிய அக்கா இந்த வருடம் காவடி எடுக்கிறார், நன்கொடையும் தருகிறார். தொண்டர், காவடி எடுப்பவர், நன்கொடையாளர் என்று தனித்தனி கிளாஸ் வைத்தால், கலவைகளையும் சேர்த்து ஏழு கிளாஸ் வேண்டும். அதைவிட மோசம், சேமித்த ஆப்ஜெக்டின் கிளாஸை மாற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். புதிதாக உருவாக்கினால் அடையாள எண்ணும் புதிது. அக்காவின் பழைய ரசீதுகளோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அக்கா ஒரே ஆப்ஜெக்ட். தொண்டர், காவடி எடுப்பவர் போன்ற பங்குகளை வருடத்தோடு தனி ஆப்ஜெக்டுகளாக அவரோடு இணைத்தேன். தேடும்போது ஒரு படி கூடுதல். அப்புறம் என்ன, இந்த வருடக் காவடிப் பங்குகளைக் கேட்டு, அங்கிருந்து ஆளுக்குப் போனால் பட்டியல் வந்துவிடுகிறது.

நன்கொடை வகைகளுக்கு மட்டும் இன்ஹெரிட்டன்ஸை வைத்துக்கொண்டேன். பணமாகத் தந்தாலும் அரிசி, எண்ணெயாகத் தந்தாலும் தேதியும் தந்தவரும் உண்டு, ஒன்று மற்றொன்றாக மாறப்போவதும் இல்லை.